ஆறப்போட்ட சுருட்டு

10 மார்ச் 2024, ஞாயிறு, திருநகர்

மச்சான் கொண்டுவந்த நிகரகுவா சுருட்டில் ஒன்றை நேற்று ராத்திரி மொட்டை மாடியில் பற்ற வைத்தேன். ரொபஸ்டோ அளவு: 5 அங்குல நீளம், 50 ரிங். ஓர் அங்குலத்தை 64 பங்காகப் பிரித்துச் சொல்லும் கணக்குதான் ரிங். முக்கால் அங்குலத்தைவிடச் சற்றே கூடுதல் தடிமன். இலையும் நல்ல இலை, சுருட்டிய கையும் நல்ல கை. ஆனால் முதல் இழுப்பிலேயே மிளகுக் காரம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. மூக்கு வழியாகக் கொஞ்சம் விட்டுப் பார்த்தால் அமோனியா நெடி. பாதிக்கு மேல் கசப்பு ஏறிவிட்டது. இலை பாடமாகும்போது, அதாவது அடுக்கி வைத்துப் பதப்படும்போது, அதிலுள்ள நைட்ரஜன் சத்து உடைந்து அமோனியாவாக வெளியேறும். சுருட்டிய பிறகும் அந்த வேலை மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். மிச்சத்தை ஆறப்போட வேண்டியதுதான்.

17 மார்ச்

ஹ்யூமிடார் தயார், சுருட்டை ஈரம் காத்து வைக்கும் பெட்டி. உள்ளே ஸ்பானிஷ் சீடார் பலகை. பெயர்தான் சீடார், அது நம்ம வேம்பு, மகோகனி குடும்பத்து மரம். ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும்.

ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டரை அப்படியே நம்பக் கூடாது. ஒரு மூடியில் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் ராத்திரி முழுக்க வைத்தேன். ஈர உப்புக்குப் பக்கத்தில் ஈரப்பதம் 75 சதவீதம் காட்ட வேண்டும், 72 காட்டியது. சரி, இனி மூன்று கூட்டிப் படித்தால் போதும். உள்ளே ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தி வைக்கும் போவேடா பாக்கெட். பலர் 70 என்பார்கள். எனக்கு 65தான் பிடிக்கும், ஒரே சீராக எரியும்.

சுருட்டுகளை உள்ளே வைப்பதற்கு முன் ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் சில நாள் வைத்திருந்தேன். இலைக்குள் புகையிலை வண்டின் முட்டை இருந்தால் இந்த ஊர்ச் சூட்டுக்குப் பொரித்துவிடும். அப்புறம் சுருட்டு முழுக்க ஊசி ஓட்டைதான்.

5 மே

நேற்று அக்னி நட்சத்திரம் தொடங்கியாயிற்று. மதுரையில் சுருட்டு வைத்திருப்பவனுக்கு ஈரப்பதம் பெரிய கவலை இல்லை, அதைப் பாக்கெட் பார்த்துக்கொள்ளும். சூடுதான் கவலை. 18 முதல் 21 டிகிரி என்று புத்தகக் கணக்கு. இங்கே நடு ராத்திரியில்கூடச் சுவர் கொதிக்கிறது. ஐஸ் வைக்கிற தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்கி, ஹ்யூமிடாரை அதற்குள் இறக்கி, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று மாற்ற வேண்டும். 25 டிகிரியைத் தாண்ட விடவில்லை.

18 ஆகஸ்ட்

வேடசந்தூரிலிருந்து மாமா வந்திருந்தார். பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து விரலால் மெல்ல உருட்டினார். சத்தம் இல்லை. "காயவும் இல்ல, நமுத்தும் போகல" என்றார். அந்தப் பக்கம் புகையிலை போட்டு வளர்ந்தவர், அவர் பேச்சை நான் எந்த மீட்டரைவிடவும் மதிப்பேன்.

"பச்சையா குடிச்சா தொண்டையத்தான் அறுக்கும் மாப்ள. இலைய அடுக்கிப் போட்டா உள்ள சூடு ஏறும். கைய விட்டுப் பாத்து, மேல உள்ளத கீழயும் கீழ உள்ளத மேலயும் மாத்தணும். விட்டா கருகிப் போயிரும்."

திண்டுக்கல் சுருட்டும் திருச்சிச் சுருட்டும் வெள்ளைக்காரன் காலத்தில் லண்டன் வரை போனவை. அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கைகள்தான் இருந்திருக்கும்.

27 அக்டோபர்

வெள்ளிக்கிழமை கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கமெல்லாம் வெள்ளம். பெட்டிக்குள் ஈரப்பதம் 66.

15 டிசம்பர், ஞாயிறு

இன்று சாயங்காலம் எடுத்துவிட்டேன். கண்ணாடித்தாள் உறை லேசாக மஞ்சள் தட்டியிருந்தது, இலையின் எண்ணெய் ஏறியிருக்கிறது. நுனியை வெட்டிவிட்டு, பற்ற வைக்காமல் ஒரு இழுப்பு: உலர்ந்த திராட்சை, கொஞ்சம் மரவாசம். தீக்குச்சியின் கந்தகம் எரிந்து தீரும்வரை காத்திருந்து, சுருட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டி நிதானமாகப் பற்ற வைத்தேன்.

நெடி இல்லை. மூக்கு வழியாக விட்டும் இல்லை. மிளகு இருக்கிறது, ஆனால் பின்னால் போய் நிற்கிறது. முன்னால் வறுத்த கொத்தமல்லி விதை. இரண்டாம் பாகத்தில் கடுங்காப்பியும் கோகோவும் வந்தன. அந்த இடத்தில் புகையே மாறிவிட்டது, பாலாடை மாதிரி நாக்கில் படிந்தது. நெஞ்சுக்கு இழுப்பதில்லை, வாயில் நிறுத்தி விடுவதுதான். மார்ச்சில் கசப்பு தொடங்கிய அதே இடத்தில் இன்று தோல் வாசனையும் மெல்லிய இனிப்பும். சாம்பல் கெட்டியாக ஓர் அங்குலம் நின்றது. வேகம் குறைந்திருக்கிறது, உண்மை. அந்த முதல் அடி வேண்டும் என்பவர்கள் புதுசாகவே குடிக்கலாம். எனக்கு இதுதான் சுருட்டு.

கூடவே ஒரு மலிவுச் சுருட்டையும் அதே பெட்டியில் போட்டிருந்தேன். அதைப் போன வாரம் பார்த்தேன்: காரம் போனது, வேறு எதுவும் வரவில்லை. இலையில் இருந்தால்தான் பெட்டியில் வரும்.

மாசிச் சிவராத்திரிக்கு ஊருக்குப் போகும்போது மாமாவுக்கு ஒன்று, கருப்பனுக்குப் படைக்க ஒன்று. மற்றதை இன்னொரு கோடை தாண்ட விடலாம் என்றிருக்கிறேன். தெர்மாகோல் பெட்டி இனி சரிப்படாது, சின்ன வைன் கூலர் ஒன்று பார்க்க வேண்டும்.