உறைமண் ஊர்களில் சாலையும் வடிகாலும் பணிமனையும்

கனடாவின் நுனாவுட் ஆட்சிப்பகுதியில் உள்ள 25 ஊர்களில் எதுவும் இன்னோர் ஊருடனோ தெற்குக் கனடாவுடனோ சாலையால் இணைக்கப்படவில்லை. கோடையில் கடற்பனி விலகும் காலத்தில் கப்பல்களும், ஆண்டு முழுவதும் விமானங்களும் வருகின்றன. ஆயினும் ஊருக்குள் ஓடும் சில கிலோமீட்டர் கிராவல் சாலைகளை நம்பியே அங்கு அன்றாட வாழ்க்கை நடக்கிறது. பெரும்பாலான வீடுகளுக்குக் குடிநீர் லாரியில் வந்து தொட்டியில் நிரப்பப்படுகிறது, கழிவுநீரும் லாரியில்தான் வெளியே செல்கிறது. இத்தகைய ஊர்களில் சாலை, வடிகால், நகராட்சிப் பணிமனை ஆகியவற்றின் நிலையை மதிப்பிடும் பணியில் ஈடுபட்டவன் என்ற முறையில், இம்மூன்றையும் தனித்தனி அறிக்கைகளாக எழுதும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே உறைமண், அதாவது ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண். மூன்றையும் கெடுப்பது தேங்கி நிற்கும் நீர்.

கோடையில் மேல்மண் மட்டும் உருகுகிறது. அதன் கீழே ஆண்டு முழுவதும் உறைந்திருக்கும் மண்ணில் பல இடங்களில் பனிக்கட்டி நிறைந்திருக்கிறது. சாலையோரம் தேங்கும் நீர் வெயிலின் வெப்பத்தை அந்த ஆழத்துக்குக் கொண்டு செல்ல, பனிக்கட்டி உருகி மண் அமிழ்கிறது. அமிழ்ந்த பள்ளத்தில் மேலும் நீர் சேர்கிறது. ஆகவே மற்ற இடங்களில் செய்வதுபோல் ஆழமாக வாய்க்கால் வெட்டுவது அங்கு ஆபத்தானது. சாலையை கிராவல் கொட்டி உயர்த்தி, நீரை அகலமான, ஆழமற்ற, கல் பதித்த தடங்களில் வெளியேற்றுவதே பொருத்தம். வடபகுதி ஊர்களின் வடிகாலுக்கென்றே 2015-இல் கனடாவில் எஸ்503 என்ற தரநிலை வெளியிடப்பட்டது. அது வடிவமைப்போடு நின்றுவிடாமல் பராமரிப்பையும் சேர்த்தே பேசுவதை நான் மிகவும் மதிக்கிறேன்.

வடிகாலும் சாலையும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு, நுனாவுட்டின் பாஃபின் தீவில் உள்ள பாங்னர்டங் ஊரில் 2008 ஜூனில் நடந்தது போதுமான சான்று. பனி உருகும் காலத்தில் பெருமழையும் சேர்ந்துகொள்ள, ஊரின் நடுவே ஓடும் டூவல் ஆறு தன் கரையிலிருந்த உறைமண்ணை உருக்கி அரித்துக்கொண்டு போனது. இரண்டு பாலங்கள் சேதமடைந்து, குடிநீர்த் தேக்கத்துக்கும் கழிவுநீர் நிலையத்துக்கும் செல்லும் வழி அறுந்தது, அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

எனவே எப்போது சென்று பார்க்கிறோம் என்பது பெரிய கேள்வி. பயண வசதி கருதி மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் கோடையின் பிற்பகுதியில் செல்கிறார்கள். அப்போது தடங்கள் காய்ந்திருக்கும், சாலையடிக் குழாய்களில் அடைத்திருந்த பனிக்கட்டியும் போயிருக்கும். எட்டு மாதப் பனி ஓரிரு வாரங்களில் உருகி ஓடும் நேரத்தில், எந்தக் குழாயை நீராவி பாய்ச்சித் திறக்க வேண்டியிருக்கிறது, குவித்து வைத்த பனி எந்த வீட்டின் கீழே வடிகிறது, பனிக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாத எந்தக் குழாயின் வாயை, சாலையைச் சமப்படுத்திப் பனியை ஒதுக்கும் கிரேடர் வண்டி நசுக்கியிருக்கிறது என்பவற்றை அங்கேயே நின்று பார்க்க வேண்டும். கிரேடர் ஓட்டுநருக்கு இவையெல்லாம் தெரியும். எந்த அளவைக் கருவியையும் எடுப்பதற்கு முன் அவருடன் ஊரை ஒரு சுற்று வருவதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பணிமனையைச் சாதாரணக் கொட்டகையாகக் கருதுவோர் உண்டு. ஆனால் மைனஸ் நாற்பது பாகைக்கும் கீழான குளிரில் குடிநீர் லாரியை வெளியே நிறுத்தினால் பம்பும் வால்வுகளும் உறைந்து வெடிக்கும். சூடேற்றிய பணிமனை இல்லையேல் ஊருக்குத் தண்ணீர் இல்லை. வீட்டின் வெப்பம் உறைமண்ணை உருக்காமலிருக்க, வீடுகளைத் தூண்கள் மீது உயர்த்தி, அடியில் குளிர்காற்று ஓட விடுகிறார்கள். நீர் நிரம்பிய லாரி ஏறி நுழைய வேண்டிய பணிமனைக்கு அது எளிதாக இயலாததால், கிராவல் மேடும் வெப்பக்காப்புப் பலகையும் இட்டு, சில இடங்களில் மின்சாரமின்றியே மண்ணின் வெப்பத்தைக் குளிர்காலக் காற்றுக்குக் கடத்தும் வாயுக் குழாய்களையும் பதிக்கிறார்கள். பெருங்கதவு சரியாக மூடாமல் இடைவெளி விடுவது, தரையில் புதிய விரிசல் தோன்றுவது ஆகியவற்றைக் கதவுப் பழுது, சிமென்டுப் பழுது என்று எழுதி விட்டுவிடக் கூடாது. வண்டிகளிலிருந்து உருகி வடியும் நீரும் கழுவும் நீரும் தரைக்கு அடியிலோ சுவரோரமோ எங்கே போகின்றன என்பதை அங்கிருந்து சாலையோரத் தடம் வரை தொடர்ந்து சென்று பார்க்க வேண்டும்.

ஜூனில் கண்டதைக் குளிர்காலம் முடிவதற்குள் எழுதி ஒப்படைத்தால்தான் நகராட்சி அதை வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்து, குழாய்களையும் கிரேடர் உதிரிகளையும் வரும் கோடைக் கப்பலில் பதிவு செய்ய முடியும். அறிக்கை சில வாரம் தாமதித்தாலும், நசுங்கிய அதே குழாயுடன் அந்த ஊர் இன்னொரு பனி உருகலைச் சந்திக்க நேரிடும்.