பாட்டி பெயர் தேய்ந்த சொம்பு

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே எங்கள் வீட்டுப் பித்தளைச் சாமான் எல்லாம் சமையலறைத் தரைக்கு இறங்கிவிடும். குத்துவிளக்கு இரண்டு, கைமணி, தாம்பாளம், அப்புறம் பாட்டியின் சொம்பு. பினாங்கில், அதுவும் ஜெலுத்தோங் பக்கம் கடலுக்குக் கிட்டே அடுக்குமாடியில் இருந்தால் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து போன மாதம் தேய்த்ததை இந்த மாதமே மங்க வைத்துவிடும். இந்த முறை நான்தான் உட்கார்ந்தேன். புளியும் உப்பும் போட்டு, பாத்திரம் கழுவும் பச்சை நாரால் சொம்பை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா பின்னாலிருந்து, "மெதுவா தேய்டா, பாட்டி பேரு போயிடப் போவுது" என்றார்.

குனிந்து பார்த்தேன். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் கொத்திய பெயர். அந்தக் காலத்தில் கல்யாணச் சீர்ப் பாத்திரத்தைப் பெயர் வெட்டித்தான் கொடுப்பார்கள். சின்ன வயதில் அதன்மேல் விரலை ஓட்டினால் ஒவ்வொரு புள்ளியும் தட்டுப்படும். இப்போது முன்னெழுத்துகள் எல்லாம் போய், விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் 'ம்மா' மட்டும் தெரிகிறது. பாட்டி தலைமுறையில் பாதிப் பேர் ஏதோ ஓர் அம்மாதான், இதை வைத்து யார் சொம்பு என்று எவர் கண்டுபிடிப்பது?

இத்தனை வருஷம் களிம்பைத்தான் எதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பெயரை அழித்தது நாங்கள் தேய்த்த தேய்ப்பு. பித்தளையில் இருக்கிற செம்பும் துத்தநாகமும் காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து மாறியதுதான் மேலே படிகிற மங்கல். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடும், உள்ளே இருந்து புதுப் பித்தளை பளிச்சென்று எட்டிப் பார்க்கும். நமக்குச் சந்தோஷம். ஆனால் தண்ணீரோடு போனதும் பித்தளைதானே. பாட்டி காலத்தில் இதற்கு மேல் செங்கல் பொடி, சாம்பல் வேறு. புள்ளியின் ஆழம் எவ்வளவு இருந்திருக்கப் போகிறது.

தமிழில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே சொல் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஆங்கிலத்தில் டார்னிஷ் என்று ஒன்றைச் சொன்னால் கரண்டிக்கும் ஆகும், மந்திரி பெயருக்கும் ஆகும். நமக்கு இரும்பு என்றால் துரு, செம்பு என்றால் களிம்பு, வெள்ளி கறுக்கும், பித்தளை மங்கும். மனிதர் பெயருக்கு வந்தால் களங்கம், கறை, மாசு. களங்கம் நிலாவிலும் இருக்கிறது, அதை யாரும் புளி போட்டுத் தேய்ப்பதில்லை. 'நற்பெயருக்குக் களங்கம்' என்று இங்கே பேப்பரில் வாரம் ஒரு செய்தியாவது வரும். 'நற்பெயருக்குக் களிம்பு' என்று எழுதினால் மருந்துக் கடையில் டியூபில் வாங்கிப் பூசுகிற களிம்பு என்று நினைத்துக்கொள்வார்கள். செம்பில் ஏறுகிற நஞ்சுக்கும் புண்ணில் பூசுகிற மருந்துக்கும் ஒரே பெயர் எப்படி வந்ததோ, எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் உயிரை மறைக்கும் ஆணவ மலத்தைச் செம்பில் களிம்பு என்பார்கள், வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, செம்போடு கூடவே இருப்பது என்ற பொருளில். மலாய்க்காரர்கள் ஒருவரின் குட்டு வெளிப்பட்டால் 'தெம்பாகா தெரிந்துவிட்டது' என்பார்கள், தெம்பாகா என்றால் செம்பு. நாம் சாயம் வெளுத்துவிட்டது என்கிறோம். கராட் என்பது அவர்களுக்குத் துருவும்தான், தங்கத்தின் காரட்டும்தான்.

துருவையும் களிம்பையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடியில் உள்ள இரும்பை மறுபடி காற்றுக்குக் காட்டிக்கொடுக்கும், கடைசியில் இரும்பு கேட் கூட மிஞ்சாது. செம்பின் மேல் பச்சை ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும். நியூயார்க் சுதந்திர தேவி சிலை 1886-இல் திறந்தபோது செம்பு நிறம். பச்சை ஏறத் தொடங்கியதும் 1906-இல் பெயின்ட் அடிக்கலாம் என்று பேச்சு வந்தது, ஊர் ஜனம் கூச்சல் போட்டதும் விட்டுவிட்டார்கள். அந்தச் செம்புத் தகடு 2.4 மில்லிமீட்டர்தான், இன்றும் நிற்கிறது. நம் எவர்சில்வரும் அப்படித்தான், அதிலுள்ள குரோமியம் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுத் தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்வதால்தான் துருப் பிடிக்காமல் இருக்கிறது. அதற்காகச் செம்புப் பாத்திரத்தில் பச்சையை விட்டுவைத்து மோர் ஊற்றிக் குடிக்காதீர்கள், அது வயிற்றைப் புரட்டும். பித்தளைக்கு உள்ளே வெள்ளீயம் பூசியது அதனால்தான்.

வெள்ளி கதை வேறு. அது கறுப்பது காற்றில் கலந்திருக்கும் கந்தக வாயுவால். பாட்டியோ கொலுசு கறுத்தால் உடம்புச் சூடு என்று மோர் கொடுப்பார். அலுமினியத் தாள் விரித்து, சமையல் சோடா போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றினால் கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி வெள்ளியாகவே திரும்பிவிடும், தேய்மானமே இல்லை. லேசாக அழுகிய முட்டை வாடை வரும், பயப்பட வேண்டாம். இந்தக் கெட்டிக்காரத்தனத்தை அம்மாவின் குங்குமச் சிமிழில் காட்டினேன். மூடியில் ஒரு மயில், அதன் தோகைக் கோடுகளில் இருந்த கறுப்பால்தான் அது மயிலாகத் தெரிந்திருக்கிறது. கறுப்பு போனதும் மயிலும் போய்விட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தைப்பூசத்தில் எங்கள் ஊர்த் தண்ணீர்மலைக்குப் போகிற செட்டியார் வெள்ளி ரதம் 1894-இல் இருந்து ஓடுகிறது, அதை எத்தனை கை எத்தனை முறை தேய்த்திருக்கும் என்று அப்போது யோசித்தேன். 2017-இல் வந்த தங்கத் தேருக்கு அந்தக் கவலை குறைவு.

இங்கே பணத்துக்கே வெள்ளி என்றுதான் பெயர். எங்கள் மாமா ஒரு சங்கத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது எண்ணூறு வெள்ளி இடிக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. பத்துப் பேருக்குத் தெரிந்திருக்கும். ரசீதுப் புத்தகம் ஒன்று வேறொருவர் அலமாரியில் கிடந்தது, அவ்வளவுதான் விஷயம். மாமா விடவில்லை. ரசீதுகளை நகல் எடுத்து, மோட்டாரில் வீடு வீடாகப் போய் விளக்கினார். கேள்விப்படாதவர்கள் எல்லாம் கேள்விப்பட்டார்கள். அதற்கப்புறம் கல்யாண வீடுகளில் அவரைப் பார்த்தால் யாராவது ஒருவர் "அந்தப் பணம்..." என்று ஆரம்பிப்பார், அவரும் முதலிலிருந்து சொல்வார்.

சொம்பை அதற்கு மேல் தேய்க்கவில்லை. லிட்டில் இந்தியாவில் கொடுத்தால் மெஷினில் பெயரைத் திரும்ப வெட்டித் தருவார்கள் என்றேன். "அது வேற எழுத்தாயிடும்" என்று சொல்லிவிட்டு அம்மா ஈரத்துணியால் மட்டும் துடைத்துச் சாமி மேடையில் வைத்தார். அடியில் பச்சை அப்படியே இருக்கிறது. தீபாவளிக்கு வரும் சித்தி அதைப் பார்த்ததும் முதலில் என்ன கேட்பார் என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.