அடமானம் வைக்க முடியாத நிலம்

வங்கி வேலையில் என்னை எங்கெங்கோ தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அதில் இன்றைக்கும் மனதில் தங்கியிருக்கும் ஊர் குந்தி. ஜார்க்கண்டில், ராஞ்சியிலிருந்து தெற்கே சாய்பாசா போகும் சாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். முண்டா மக்களின் பூமி. நான் போனபோது அது தனி மாவட்டம்கூட இல்லை. 2007இல்தான் ராஞ்சியிலிருந்து பிரித்தார்கள்.

கடன் கேட்டு யார் வந்தாலும் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ் என்று கேட்டே பழகிய ஆள் நான். குந்தியில் ஒரு பள்ளி ஆசிரியர் வீடு கட்டக் கடன் கேட்டு வந்தார். மடித்து மடித்து நைந்துபோன கதியானை (நம்மூர் பட்டா மாதிரி) மேசையில் விரித்து வைத்தார். நிலம் அவருடையது, ரசீது சரி, சம்பளமும் மாதாமாதம் எங்கள் கிளைக்கே வருகிறது. ஆனாலும் அந்த நிலத்தைப் பிணையாக எடுக்க மேலிடத்துக்குத் துணிச்சல் இல்லை. காரணம், சோட்டாநாக்பூர் (ராஞ்சி, குந்தி எல்லாம் சேர்ந்த பீடபூமிப் பகுதி) குத்தகைச் சட்டம், 1908, பிரிவு 46. பழங்குடியின் நிலத்தைப் பழங்குடிதான் வாங்கலாம். அவரும் அதே காவல் நிலைய எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். அதற்கும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கடன் நின்றுபோனால் யாரிடம் ஏலம் விடுவது?

"அப்படியானால் என் நிலத்துக்கு மதிப்பே கிடையாதா, மேனேஜர் பாபு?" என்றார். சம்பளத்தைக் காட்டிச் சின்னத் தொகையாக ஒரு தனிநபர் கடன் போட்டுக் கொடுத்தோம். அவருக்கு அதில் திருப்தியில்லை, எனக்கும்தான்.

அப்புறம்தான் இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று ஊரைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ராஞ்சி பீடபூமி கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம். மேலே நின்றால் மலை மாதிரியே தெரியாது, அலை அலையாக ஏறி இறங்கும் செம்மண். பீடபூமியின் விளிம்பில்தான் உயரம் புரியும். சுவர்ணரேகா ஆறு ஹுண்ட்ரூவில் 98 மீட்டர் கீழே குதிக்கிறது. மேட்டு நிலத்துக்கு டாண்ட் என்று பெயர். கேழ்வரகு, உளுந்து, கொஞ்சம் மேட்டு நெல். பள்ளத்தில் படிக்கட்டு மாதிரி வரப்பு கட்டிய வயல்களுக்கு டோன் என்று பெயர். நல்ல நெல் அங்கேதான். பெரும்பாலான இடங்களில் மழையை நம்பி ஒரே போகம். இந்த டோன் வயல் எதுவும் தானாக உண்டானதில்லை. சால மரக்காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, தலைமுறை தலைமுறையாக மண்ணைச் சமன்படுத்தியது.

காட்டைத் திருத்தி முதலில் ஊர் கண்ட வம்சத்துக்கே அந்த ஊர் நிலமெல்லாம் பொதுவில் சொந்தம். இதற்கு குந்த்கட்டி முறை என்று பெயர். ஊர்த்தலைவருக்கும் முண்டா என்றுதான் பெயர், பூசாரி பாஹன். காட்டை வெட்டும்போது சால மரத்தோப்பு ஒன்றை மட்டும் தெய்வத்துக்காக விட்டுவைப்பார்கள், அது சர்னா. ஊரோரத்தில் சசன், அதாவது முன்னோர் எலும்புகளை வைத்து மேலே பலகைக்கல் போட்ட இடம். வேற்றூர்க்காரர் யாரும் அந்தக் கல்லுக்கடியில் போக முடியாது. கல் இருந்தால் வம்சம் அந்த ஊரில் இருந்தது என்று பொருள். நம்மூரில் பத்திரத்தைக் காட்டுகிறோம், அவர்கள் கல்லைக் காட்டினார்கள். பிரிட்டிஷ் காலத்தில் அந்தக் கல்லையே கல்கத்தாவரை தூக்கிக்கொண்டு போய் அதிகாரிகளிடம் காட்டினார்கள் என்று ஒரு கதையும் குந்தியில் சொல்வார்கள்.

கல்லை யார் மதித்தார்கள்? இந்தப் பகுதியை ஆண்ட நாக்வம்சி அரசர்கள் வெளியாட்களுக்கு ஊர்களை ஜாகிராக (வரி வசூலிக்கும் உரிமையோடு மானியமாக) எழுதிக் கொடுத்தார்கள். வந்தவர்கள் வரி கேட்டார்கள், கூலியில்லா வேலை வாங்கினார்கள். அவர்களையும் வட்டிக்காரர்களையும் சேர்த்துத்தான் 'திக்கு' என்றார்கள். (வங்கி மேனேஜர் எந்தப் பக்கம் என்று நான் யாரையும் கேட்டதில்லை.) 1831இல் இந்தப் பகுதிப் பழங்குடிகளின் கோல் கிளர்ச்சி வெடித்தது. அதற்குப் பின் சர்தார்கள் என்ற முண்டா தலைவர்களின் போராட்டம், மனு மேல் மனுவாகப் பல வருஷம் இழுத்தது. கடைசியில் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் பிர்சா முண்டா.

1875 நவம்பர் 15இல் உலிஹாத்துவில் பிறந்தவர். 1899 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு தேவாலயங்கள்மீது அம்பு பாய்ந்தது. அதிலிருந்துதான் கிளர்ச்சி தொடங்கியது. 1900 ஜனவரி 9இல் டோம்பாரி மலைப்பக்கம் கூடியிருந்தவர்கள்மீது துப்பாக்கிச்சூடு. பிப்ரவரியில் பிர்சா பிடிபட்டார். ஜூன் 9இல் ராஞ்சி சிறையில் இறந்தார். வயது 24. காலரா என்று சொன்னது சிறை நிர்வாகம்.

எட்டு வருஷம் கழித்து வந்ததுதான் அந்த 1908 சட்டம். அதை வடிவமைக்க உதவியவர்களில் ஹோஃப்மன் என்ற ஜெர்மன் ஏசுசபைப் பாதிரியாரும் ஒருவர். அந்தக் கிறிஸ்துமஸ் இரவில் அவர் இருந்த சர்வதா மிஷனும் அம்புக்குத் தப்பவில்லை. இதைப் படித்த பிறகு பிரிவு 46 எனக்கு வெறும் கடன் விதியாகத் தெரியவில்லை.

சட்டம் எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டதா என்றால், இல்லை. அரசாங்கமே நிலத்தை எடுத்தால் என்ன செய்வது? கோயல், காரோ ஆறுகளின் குறுக்கே அணை கட்டி 710 மெகாவாட் மின்சாரம் எடுக்கத் திட்டம். நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்கள் பாதிக்கப்படும் நிலை. வயலுக்கு ஈடு தரலாம், சர்னாவுக்கும் சசனுக்கும் என்ன ஈடு என்று கேட்டே பல வருஷம் தடுத்து நின்றார்கள். 2001 பிப்ரவரி 2இல் தப்கராவில் போலீஸ் சுட்டதில் 8 பேர் இறந்தார்கள். ஜார்க்கண்ட் தனி மாநிலமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதுவும் பிர்சாவின் பிறந்த நாளில் பிறந்த மாநிலம்! பிறகு அந்த அணைத் திட்டம் கைவிடப்பட்டது.

சந்தை நாளில் கிளையில் கூட்டம் தாங்காது. அரக்கு விற்ற காசைப் போட வருவார்கள். குசும், புரசு, இலந்தை மரக் கிளைகளில் பூச்சி சுரந்து பொருக்கு கட்டியிருக்கும். அதைச் சுரண்டி மூட்டையாகக் கொண்டுவந்து சந்தையில் கொட்டுவார்கள். கையில் எடுத்தால் கருஞ்சிவப்பாகப் பிசுபிசுக்கும், ரூபாய் நோட்டிலும் அந்த வாசனை. பங்குனி, சித்திரையில் இலுப்பைப்பூ காலம். விடியுமுன் பெண்களும் பிள்ளைகளும் மரத்தடியில் கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நாம் இளப்பமாகச் சொல்கிறோம். குந்தியில் அது வறட்சி வருஷத்துச் சோறு, விசேஷத்துச் சாராயம், அவசரத்துக் கைக்காசு.

2016இல் மாநில அரசு இந்த 1908 சட்டத்தைத் தளர்த்தப் பார்த்தது. விவசாய நிலத்தை மற்ற உபயோகத்துக்கு மாற்ற வழி செய்யும் மசோதா. அடுத்த வருஷம் ஆளுநர் அதில் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார், அரசும் கைவிட்டது. அந்த ஆளுநர்தான் இன்றைய குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு. அதே சமயத்தில் குந்தி ஊர்களின் எல்லையில் ஆளுயரக் கற்கள் முளைத்தன. ஐந்தாம் அட்டவணை (பழங்குடிப் பகுதிகளின் நிர்வாகம் பற்றியது), கிராமசபையின் அதிகாரம் என்று அரசியலமைப்பு வாசகங்களைப் பச்சை பூசிய கல்லில் எழுதி நட்டார்கள். அதற்கு ராஜதுரோக வழக்கு! 2019 டிசம்பரில் புதிய அரசு வந்த பிறகுதான் அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முடிவெடுத்தார்கள்.

இந்தச் சட்டம் பழங்குடிகளை முன்னேற விடாமல் வைத்திருக்கிறது என்று ராஞ்சியில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்களில் மனை வாங்க ஆசைப்படாதவர் ஒருவரும் இல்லை. ஆனால் அந்த ஆசிரியரின் கேள்வியும் நியாயமானதுதான். சட்டத்தைத் தொடாமலே அதைத் தீர்க்கலாம். இப்போது ஜார்க்கண்டில் படிப்புக்கு 'குருஜி ஸ்டூடண்ட் கிரெடிட் கார்டு' என்று அரசு உத்தரவாதத்தில் பிணையில்லாமல் 15 லட்சம் வரை கடன் கொடுக்கிறார்கள். வீட்டுக்கடனுக்கும் அரசு இதே மாதிரி உத்தரவாதம் கொடுத்தால், எந்தக் கிளை மேனேஜரும் கதியானைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைய வேண்டியதில்லை.