ஆக்சிமீட்டர் 98, ஹீமோகுளோபின் 5

எனக்குப் பிறவியிலேயே பரம்பரை ஸ்பீரோசைட்டோசிஸ் என்னும் ரத்தக் குறைபாடு உண்டு. சிவப்பணுக்கள் தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருப்பதால் மண்ணீரலில் சிக்கிச் சிதைந்துவிடும். பிறருக்கு ஏறத்தாழ 120 நாள் வாழும் அணுக்கள், என்னைப் போன்றோருக்குச் சில வாரங்களே தாங்கும். எலும்பு மஜ்ஜை பன்மடங்கு வேகத்தில் புதிய அணுக்களை உண்டாக்கி இழப்பை ஈடுகட்டி வந்ததால், ஹீமோகுளோபின் 100 மி.லி. ரத்தத்துக்கு 11 கிராமை ஒட்டியே இருந்தது.

லேசான காய்ச்சல் ஒன்று வந்து தணிந்தபின், சில அடிகள் நடந்தாலே மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது, உதடுகள் வெளுத்துப்போயின. ஆக்சிமீட்டரோ 98 என்றே காட்டியது. அவசரப் பிரிவில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 5 கிராமாக இருந்தது.

இரண்டு எண்களும் உண்மைதான் என்று மருத்துவர் விளக்கினார். ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜனை ஏற்றியிருக்கிறது என்பதைத்தான் அந்தக் கருவி அளக்கிறது. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். ஆகவே 15 கிராம் உள்ளவரின் 100 மி.லி. ரத்தம் ஏறத்தாழ 20 மி.லி. ஆக்சிஜனைக் கொண்டுசெல்லும்போது, என் ரத்தம் 7 மி.லி.கூடக் கொண்டுசெல்லவில்லை. அந்தக் குறையை நிரப்பவே இதயம் அவ்வளவு வேகமாகத் துடித்திருக்கிறது.

அணுச்சிதைவு திடீரென்று கூடிவிட்டதோ என்ற ஐயம் முதலில் எழுந்தது. ஆனால் காமாலை கூடவில்லை, மண்ணீரலும் வீங்கவில்லை. விடை ரெட்டிகுலோசைட் எண்ணிக்கையில் கிடைத்தது. எனக்கு எப்போதும் மிகுந்தே இருக்கும் அந்த இளம் சிவப்பணுக்கள் ஏறத்தாழ இல்லாமலே போயிருந்தன. சிதைவு வழக்கம்போல் நடக்க, உற்பத்திதான் அடியோடு நின்றிருந்தது. பிசிஆர் பரிசோதனை பார்வோவைரஸ் பி19 தொற்றை உறுதிசெய்தது. இவ்வைரஸ் முதிர்ந்த சிவப்பணுக்களைத் தொடுவதில்லை. மஜ்ஜையில் அவற்றை உருவாக்கும் முன்னோடி அணுக்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை அழிக்கிறது. ஆரோக்கியமானவருக்கும் ஒரு வாரமளவு உற்பத்தி நிற்கத்தான் செய்கிறது. அவருடைய அணுக்கள் நீண்ட நாள் வாழ்வதால் அது வெளியே தெரிவதில்லை.

இதற்கென்று தனி வைரஸ் மருந்து இல்லை. உடல் எதிர்ப்பொருளை உருவாக்கும் வரை ரத்தம் ஏற்றித் தாங்கிப்பிடிப்பதே சிகிச்சை. ஏற்கெனவே திணறும் இதயத்தின்மீது சுமை கூடாதிருக்க மிக மெதுவாக ஏற்றினார்கள். அந்த நிதானம் எனக்கு அப்போது எரிச்சலூட்டியது. கருவில் உள்ள சிசுவையும் இந்த வைரஸ் கடுமையான ரத்தசோகைக்கு ஆளாக்கக்கூடும் என்பதால், என்னைத் தனி அறையில் வைத்ததோடு, கர்ப்பிணிச் செவிலியர் எவரையும் என் பணிக்கு அனுப்பவில்லை. அடுத்தடுத்த பரிசோதனைகளில் நான் தேடிப் பார்த்தது ஹீமோகுளோபினை அல்ல, ரெட்டிகுலோசைட்டுகளைத்தான்; அவை திரும்பத் தலைகாட்டிய பிறகே ரத்தம் ஏற்றுவதை நிறுத்தினார்கள்.

என் தம்பிக்கும் இதே குறைபாடு உண்டு. ஒரே வீட்டில் இருப்போருக்கு இத்தொற்று அடுத்தடுத்துப் பரவுவது வழக்கம் என்பதால், அறிகுறி எதுவும் இல்லாதபோதே அவனுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். அவனுடைய ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை அதற்குள் சரியத் தொடங்கியிருந்தது. மூச்சுத்திணறல் வரும்வரை காத்திராமல் அவனையும் அனுமதித்தார்கள்.