பலன் தராத ஒரு மருந்துச் சோதனையைப் பதிப்பித்த அனுபவம்

நாட்பட்ட முதுகுவலிக்கு ஒரு மாத்திரை உதவுமா என்று மருந்துப்போலியுடன் (மருந்தே இல்லாத, அதே தோற்றமுள்ள மாத்திரை) ஒப்பிட்டு நாங்கள் நடத்திய சோதனையில், முதன்மை விளைவாகக் குறித்திருந்த வலி மதிப்பெண்ணில் இரு குழுக்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இரண்டாம் நிலை விளைவுகளில் ஒன்றான தூக்கத்தின் தரத்தில் மட்டும் மாத்திரை பெற்றவர்கள் சற்று மேம்பட்டிருந்தார்கள். தூக்கத்தைத் தலைப்பில் வைத்து எழுதினால் கட்டுரை எளிதில் ஏற்கப்படும் என்ற யோசனை எங்கள் குழுவுக்குள்ளேயே எழுந்தது. அதைச் சொன்னவர் நேர்மையற்றவர் அல்லர். எது அச்சேறும் என்பதை நெடுங்காலமாகப் பார்த்து வந்தவர், அவ்வளவுதான்.

அந்த யோசனை நிலைக்காததற்கு எங்கள் மன உறுதியைவிடப் பொதுப் பதிவேடே காரணம். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே, எதை, எந்த அளவுகோலால், எந்த வாரத்தில் அளப்போம் என்பதைத் தேதியுடன் அதில் பதிந்திருந்தோம். பதிவைப் பின்னர் திருத்த முடியும் என்றாலும், பழைய வடிவமும் திருத்திய நாளும் எவரும் காணும்படி அங்கேயே இருக்கும். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு இந்த முன்பதிவை 2004இல் அறிவித்து, 2005 முதல் கட்டுரைகளை ஏற்பதற்கான நிபந்தனையாக்கியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவாகியிருந்த 74 மனச்சோர்வு மருந்துச் சோதனைகளை ஆராய்ந்து 2008இல் வெளியான கட்டுரையையும் கூட்டத்தில் எடுத்துக்காட்டினேன். அவ்வமைப்பு சாதகமானவை எனக் கருதிய 38இல் 37 அச்சேறியிருந்தன. மற்ற 36இல் 22 வெளிவரவே இல்லை, 11 சாதகமானவைபோல் எழுதப்பட்டிருந்தன.

முதலில் அனுப்பிய ஆய்விதழ், புதுமை போதாது என்று துறை வல்லுநர்களின் மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் திருப்பியது. அடுத்து, மதிப்பாய்வாளர்களின் பெயர்களையும் அறிக்கைகளையும் எங்கள் பதில்களையும் கட்டுரையுடன் சேர்த்து வெளியிடும் ஓர் இதழைத் தேர்ந்தோம். ஆய்வுத் திட்டம், புள்ளியியல் திட்டம், தரவுப் பகிர்வு அறிக்கை, கடந்த 36 மாதங்களின் பண உறவுகளைக் கேட்கும் நலன் முரண்பாட்டுப் படிவம் ஆகிய அனைத்தையும் இணைக்க வேண்டியிருந்தது. மாத்திரைகளை உற்பத்தி நிறுவனமே இலவசமாகத் தந்ததையும், முடிவை வெளியிடுவதைத் தடுக்க அதற்கு ஒப்பந்தத்தில் உரிமை இல்லை என்பதையும் கட்டுரையிலேயே எழுதினோம்.

ஒரு மதிப்பாய்வாளர், தூக்கம் பற்றிய முடிவை முன்னிலைப்படுத்தச் சொன்னார். பதிவேட்டைச் சுட்டி, பல விளைவுகளைச் சோதிக்கும்போது அவற்றுள் ஒன்று தற்செயலாகவே சாதகமாக அமையக்கூடும் என்றும், அது அடுத்த சோதனைக்கான கேள்வியே தவிர இந்தச் சோதனையின் விடை அன்று என்றும் பதில் எழுதினோம், அவர் வற்புறுத்தவில்லை. மற்றவரின் கேள்வியே உண்மையில் கட்டுரையைச் செம்மையாக்கியது. வேறுபாடு தென்படவில்லை என்பதும் பலன் இல்லை என்பதும் ஒன்றல்ல என்று கூறி, நம்பக இடைவெளியின், அதாவது உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய மதிப்புகளின் வரம்பின், மேல் எல்லை எங்கே நிற்கிறது என்று அவர் கேட்டார். நோயாளி உணரக்கூடிய மிகக் குறைந்த பலன் என்று நாங்கள் முன்கூட்டியே வரையறுத்த அளவுக்குக் கீழேயே அது இருந்ததால், பயன்படத்தக்க பலனுக்கு இடமில்லை என்று சுருக்கத்திலேயே தெளிவாக எழுத முடிந்தது.

கட்டுரையைவிடத் தரவைத் தயார் செய்வதே அதிக உழைப்பை வாங்கியது. பெயரை நீக்கினால் மட்டும் போதாது. வயதும் அரிய இணைநோயும் சேர்ந்தாலே ஒருவரை அடையாளம் காண முடியும் என்பதால், வயதை வரம்புகளாக மாற்றினோம். முடிவுகளைப் பதிவேட்டிலும் ஏற்றினோம். இதழ் பிற்சேர்க்கைக்குத் தள்ளிய பக்கவிளைவு அட்டவணை அங்கே முழுமையாக இருக்கிறது.