1062

என் ஊழியர் எண்ணை இன்றும் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் சொல்வேன். ஆனால் 1062 என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். தரவுத்தள அட்டவணையில் ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்புக்குப் பிரைமரி கீ என்று பெயர். ஏற்கெனவே இருக்கும் பிரைமரி கீ மதிப்போடு இன்னொரு வரி உள்ளே நுழையப் பார்த்தால் மைசீக்குவல் என்ற தரவுத்தள மென்பொருள் எழுப்பும் பிழையின் எண் அது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. பழைய மென்பொருளிலிருந்து உறுப்பினர் விவரங்களைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்ற வேண்டும். வந்தது கமாவால் பிரித்த சாதாரண உரைக் கோப்பு. 16 இலக்க உறுப்பினர் எண்தான் பிரைமரி கீ. முதலில் என் கணினியிலிருந்து சோதனைத் தரவுத்தளத்தில் ஏற்றிப் பார்த்தேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறியது. அன்றிரவு உண்மையான சர்வரில் அதே கோப்பை ஏற்றினால், தொடங்கிய சில நொடிகளில் 1062.

"சோதனையில் சரியாக ஏறியது சார்" என்றேன் மூத்தவரிடம்.

"எத்தனை வரி ஏறியது?"

பார்க்கவில்லை. பிழை வரவில்லை என்பதையே ஏறிவிட்டதாக எடுத்துக்கொண்டிருந்தேன். திரையை மேலே தள்ளிப் பார்த்தால், கோப்பை ஏற்றும் லோட் டேட்டா கட்டளை முடிந்ததும் வரும் அந்த ஒற்றை வரி அங்கேயே இருந்தது: ரெக்கார்ட்ஸ் இத்தனை, டெலீட்டட் 0, ஸ்கிப்டு... அந்த மூன்றாவது எண் பல ஆயிரங்களில் இருந்தது. அத்தனை பேரைத் தரவுத்தளம் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

காரணம் ஒரே ஒரு சொல். கோப்பு என் கணினியில் இருந்ததால் கட்டளையில் 'லோக்கல்' சேர்த்திருந்தேன். அந்தச் சொல் இருந்தால், அனுப்பப்படும் கோப்பைப் பாதியில் நிறுத்த சர்வருக்கு வழியில்லை. ஆகவே வேறெதுவும் சொல்லாதவரை இரட்டை வரிகளை ஒதுக்கிவிட்டு மேலே போய்விடும். உண்மையான சர்வரில் ஏற்றியபோது கோப்பு அங்கேயே இருந்தது, 'லோக்கல்' தேவைப்படவில்லை, முதல் இரட்டையிலேயே நின்றுவிட்டது. கையேட்டில் இதெல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறது. கையேட்டை யார் முன்கூட்டியே படிக்கிறார்கள்?

சரி, இரட்டை வரிகள் எங்கிருந்து வந்தன? பிழைச் செய்தி காட்டிய உறுப்பினர் எண்ணைக் கோப்பில் தேடினேன். ஏழு வரிகள் கிடைத்தன. ஏழிலும் வேறு வேறு பெயர், வேறு வேறு முகவரி. ஒரே ஆள் இரண்டு முறை பதிவானதாக இருந்தால் ஒன்றை நீக்கிவிட்டுப் போகலாம். இது ஏழு பேர். பக்கத்து இருக்கை நண்பர் ஒரு யோசனை சொன்னார்: "பெயரையும் கீயில் சேர்த்துவிடுங்கள், ஏறிவிடும்." நேரமோ நள்ளிரவைத் தாண்டிவிட்டது. உண்மையைச் சொன்னால், கட்டளையைப் பாதி அடித்தும் விட்டேன்.

அடிக்கும்போதே கண் கோப்பின் முதல் பத்தியில், அதாவது உறுப்பினர் எண் நெடுவரிசையில், நின்றது. எண்கள் எல்லாமே 0-இல் முடிந்தன. ஒன்றுகூட 3-இல் இல்லை, 8-இல் இல்லை.

மறுநாள் காலையில் விசாரித்ததில் கதை வெளிவந்தது. கோப்பை எங்களுக்கு அனுப்பும் முன், சரியாக இருக்கிறதா என்று ஒருவர் எக்செலில் திறந்து பார்த்திருக்கிறார். நீளமான எண்கள் '4.71E+15' என்ற கோலத்தில் தெரிந்தன. நல்ல மனதோடு அந்தப் பத்தியை எண் வடிவத்துக்கு மாற்றினார், இலக்கங்கள் முழுதாகத் தெரிந்தன, சேமித்துவிட்டார். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் காக்கும். பதினாறாவது 0 ஆகிவிடும். கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபட்ட பத்து உறுப்பினர்கள் வரை ஒரே எண்ணுக்குள் அடைபட்டுப்போனார்கள்.

மோதாமல் ஏறிய வரிகளை நினைத்தபோதுதான் எனக்கு வியர்த்தது. அவையும் பிழையானவை, துணைக்கு இன்னொரு வரி இல்லாததால் மாட்டவில்லை, அவ்வளவுதான். பெயரைக் கீயில் சேர்த்திருந்தால் கோப்பு முழுவதும் ஏறியிருக்கும், பெரும்பாலானோரின் எண் தவறாகவே இருந்திருக்கும், எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். நாங்கள் வாயடைக்கப் பார்த்த அந்த 1062 மட்டும்தான் அன்று கத்திக்கொண்டிருந்தது.

அதன் பிறகு வரும் எந்தக் கோப்பையும் நேராக உண்மையான அட்டவணையில் ஏற்றுவதில்லை. கீயே இல்லாத, எல்லாப் பத்திகளும் உரையாக உள்ள ஒரு தற்காலிக அட்டவணையில் முதலில் இறக்குவேன். அங்கே கீ மதிப்பால் குழுவாக்கி, ஒன்றுக்கு மேல் உள்ளவற்றை எடுத்துப் பார்ப்பேன். விடுபட்ட முன் பூஜ்யங்கள், வால் பகுதியில் ஒளிந்திருக்கும் வெற்றிடம், பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கும் ஒப்பீட்டு விதி எல்லாம் அங்கேயே பிடிபடும். 2147483647 என்ற மதிப்பு இரட்டையாக வந்தால் யோசிக்கவே வேண்டாம். பத்து இலக்கத் தொலைபேசி எண்களை யாரோ சாதாரண முழு எண் பத்தியில் திணித்திருக்கிறார்கள். வரம்பு மீறிய மதிப்பை மறுக்கும் கண்டிப்பு முறை அணைந்துள்ள மைசீக்குவல் எல்லாவற்றையும் அந்த உச்ச வரம்புக்கு வெட்டியிருக்கிறது.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் ஒருமுறை மாட்டினேன், அதுவும் 37 வரிகள் மட்டுமே உள்ள ஒரு குட்டி அட்டவணையில். இந்த முறை போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தள மென்பொருள். பழைய ஐடிகளான 1 முதல் 37 வரை அப்படியே வைத்து ஏற்றினேன். வரிக் கணக்கு பொருந்தியது, நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் புதிய பதிவு சேர்க்கப் போனவருக்கு 23505: அதே பிழை, வேறு எண். ஐடியை நாமே கொடுத்து ஏற்றும்போது, அடுத்த எண்ணை வழங்கும் சீக்குவென்ஸ் நகர்வதில்லை. அது இன்னும் 1-இலேயே உட்கார்ந்திருந்தது.

வேடிக்கை என்னவென்றால், எனக்குத் தகவல் வருவதற்குள் பிரச்சினை தீர்ந்துவிட்டது. பதிவு தோற்றாலும் எடுத்த எண்ணை சீக்குவென்ஸ் திரும்ப வாங்காது. அந்தப் பெண்மணி 'சேமி' பொத்தானை விடாமல் அழுத்தியிருக்கிறார். 38-ஆவது முறை ஏறிவிட்டது. நான் போய் மற்ற அட்டவணைகளின் சீக்குவென்ஸ்களையும் அவற்றின் அதிகபட்ச ஐடிக்கு நகர்த்தி வைத்தேன். "சரிசெய்துவிட்டேன் மேடம்" என்றதும் அவர் நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கேட்டார்: "இனிமேல் எத்தனை முறை அழுத்த வேண்டும்?"