மானியம் கொடுத்தது தப்பா, நிறுத்தியது தப்பா?

ஆஸ்திரேலியாவில் இப்போது பெரிய அளவில் கார் உற்பத்தியே கிடையாது. 1948-இல் பிரதமர் சிஃப்லி முன்னே நின்று அறிமுகம் செய்த ஹோல்டன் காரின் நிறுவனம், 2017 அக்டோபர் 20-ஆம் தேதி அடிலெய்ட் பக்கம் எலிசபெத் ஆலையை மூடிவிட்டது. அதற்கு முந்தைய வருடமே ஃபோர்டு போய்விட்டது, டொயோட்டாவும் அதே அக்டோபரில் கிளம்பியது.

"வரிப்பணத்தைக் கொட்டியும் ஓடிட்டாங்க பாரு" என்பதுதான் வழக்கமான பேச்சு. சரி, இந்த நிறுவனங்களுக்கு அரசு மானியமாகப் பணம் கொடுத்தது உண்மைதான். ஆனால் 1980-களில் 57.5 சதவீதமாக இருந்த இறக்குமதி வரியை 2010-க்குள் 5-க்கு இறக்கிவிட்டு, கூடவே தாய்லாந்தோடு தடையில்லா வர்த்தக ஒப்பந்தமும் போட்டார்கள், அங்கிருந்து பிக்கப் வண்டிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின, இங்கிருந்து ஃபோர்டின் டெரிடரி காரை அங்கே விற்கப் போனால் பெரிய எஞ்சினுக்கான தாய்லாந்தின் உள்நாட்டு வரியே வழியை மறித்தது. அப்புறம் ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலரையே தாண்டி நின்ற வருடங்கள் வேறு, அதில் இறக்குமதி கார் இன்னும் மலிவாகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் மானியம் எவ்வளவுதான் தாங்கும்?

2013 டிசம்பரில் நிதியமைச்சர் ஜோ ஹாக்கி நாடாளுமன்றத்தில் இருப்பீர்களா போவீர்களா என்று ஹோல்டனிடம் சவால் விடாத குறையாகப் பேசினார். மறுநாளே மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அவர் பேசாவிட்டாலும் மூடியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன், ஆனால் ஆயிரக்கணக்கானவர்களின் வேலை தொங்கிக்கொண்டிருக்கும்போது அமைச்சர் பேசுகிற பேச்சா அது?

என் கணக்கில், ஆலையை மூடாமல் தக்கவைக்கக் கொடுத்த பணத்தைவிட ஆளுக்கு மறுபயிற்சி தரக் கொடுத்த பணம் மேல். 2008-இல் மூடிய மிட்சுபிஷியின் டான்ஸ்லி ஆலையில் கூரையை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, கீழே தொழிற்பயிற்சிக் கல்லூரியும் புதிய நிறுவனங்களும் வந்திருக்கின்றன.